குரங்கு வருஷத்து அண்ணன்

கில் தொக்சு சாப்பாட்டு மேசையில் முதலில் கரண்டியைத் தூக்கி நாங்கள் பார்த்ததில்லை. மேசையில் சொனு கிஜுன் இருந்தால் அவர் தூக்கும்வரை இவர் காத்திருப்பார். சொனு பேச ஆரம்பித்தால் சுலபத்தில் நிறுத்த மாட்டார். அதனால் தொக்சு ஆறின சூப்பையே குடித்துப் பழகியிருந்தார். சொனுவுக்கு மது ஊற்றும்போது இரண்டு கையாலும் ஊற்றுவார். தான் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். அண்ணன் முன்னால் தம்பி அப்படித்தான் குடிக்க வேண்டும்.

இந்த அண்ணன் தம்பி உறவு 1978-ல் அனண்டேல் தேவாலயத்தின் பின்பக்கப் புல்வெளியில் அரை நிமிடத்தில் முடிவான ஒன்று. தொக்சு கொரியாவிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொனு அப்போதே இரண்டு சலவைக் கடைகளுக்கு முதலாளி.

"எந்த ஊர்?"

"வடக்கு. தேச்சொன்."

"அட, நம்ம தேச்சொனா! எந்தப் பள்ளிக்கூடம்?"

"நான் பள்ளிக்கூடமெல்லாம் பெருசா போகலீங்க."

சொனு அவர் முகத்தையும், சின்ன வயதில் நாய் கடித்துப் பிளந்துபோன இடது காது நுனியையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன வருஷம்?"

"பன்றி."

"நான் நாய். ஒரு வயசு மூப்பு. அப்ப நான் அண்ணன்."

"சரிங்கண்ணே."

அன்றைக்குப் போட்ட முடிச்சு அது. பள்ளிக்கூடத்தைப் பற்றி சொனு அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நான் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வயல்காட்டிலிருந்து படித்து வந்தவன். வருஷத்துக்கு ஒரு விலங்கென்று சுற்றிவரும் இந்தப் பன்னிரண்டு விலங்குக் கணக்கை நம்புகிறவனில்லை. ஆனாலும் நடுத்தெருவில் யாராவது நிறுத்தி உன் வருஷம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். பிறந்த தேதி காகிதத்தில் இருக்கும், விலங்கு அம்மா வாயிலிருந்து வந்திருக்கும்.

தொக்சுவுக்கு அவருடைய அம்மா சொன்ன விலங்கு குரங்கு. அவர் பிறந்தது 1932. பன்றி என்பது 1935-ல் பிறந்தவர்களுக்கு. அவர் பன்றியானது பூசான் துறைமுகத்தில், ஒரு வரிசையில் நின்றபோது.

1950 டிசம்பரில், கொரியப் போரின்போது, வடக்கிலிருந்து தெற்கே நடந்து வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். வீட்டில் அம்மாவும் தங்கை தொக்சுன்னும் இருந்தார்கள். மூன்று நாளில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள் எல்லாருமே வீட்டில் மூன்று நாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். யார் முதலில் அந்த எண்ணைச் சொன்னது என்பது இன்றுவரை தெரியவில்லை.

பூசானில் அகதிகளுக்குப் புதிதாகக் குடும்பப் பதிவேடு போட்டார்கள். வடக்கிலிருந்து ஒருவரும் காகிதம் கொண்டுவரவில்லை. வாயால் சொன்னதுதான் பதிவு. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற பையன், மீசை அரும்பியவன், "பன்றி" என்றான். எழுதிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு முன்னால் "கோழி" என்று உண்மையைச் சொன்னவனைத் தனியாக, போர்முனைக்குப் போகும் லாரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தொக்சுவும் பன்றி என்றார். பதினெட்டு பதினைந்தாகி, அவர் போர்முனைக்குப் போகவில்லை. போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து, காகித வயது இருபத்தொன்றானபோது, ராணுவம் அவரைத் தேடிப் பிடித்தது. யாரும் சுடாத எல்லையில் மூன்று வருஷம் துப்பாக்கி தூக்கினார்.

பிறகு தலைநகர் சியோலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற தெருவில் வேலை. 1962-ல் ஒக்புன் என்ற முயல் வருஷத்துப் பெண்ணோடு கல்யாணம். அவளுடைய அக்கா மூலமாக அமெரிக்கா. அனண்டேலில் ஒரு அங்காடியின் படிக்கட்டுக்குக் கீழே இருபத்தெட்டு வருஷம் காலணி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். மனிதர்களை அவர் குதிகாலிலிருந்துதான் படிப்பார். ஒருவருடைய முகம் நினைவில்லை என்றாலும் எந்தப் பக்கம் தேய்த்து நடப்பவர் என்பது நினைவிருக்கும்.

எங்கள் ஊரில் வடக்கில் குடும்பத்தை விட்டு வந்தவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர் சொனு. செயலாளர் பியோ மிரான், அரிசிப் பலகாரக் கடை வைத்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, பத்து வயதில் இங்கே வந்தவர். இரு பக்கக் கொரியாவும் பிரிந்த குடும்பங்களைச் சந்திக்க வைத்தபோது எங்கள் பெரியவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் கையில் இருந்தது அமெரிக்கக் கடவுச்சீட்டு. அதனால் சங்கம் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு பேருந்தில் வாஷிங்டன் போகும். அமெரிக்க மக்கள் சபை உறுப்பினர்களின் அறை அறையாக ஏறி இறங்கி, எங்கள் பெரியவர்களுக்கும் ஒரு வழி செய்யுங்கள் என்று கேட்கும். ஓர் அறையில் ஒருவருக்கு மூன்று நிமிடம். மொழிபெயர்ப்பு போக ஒன்றரை.

தொக்சு ஒன்பது வசந்தம் போனார். அவருடைய ஒன்றரை நிமிடத்தில் முக்கால்வாசி மிச்சமாகும். "தங்கச்சி பேரு தொக்சுன். எலி வருஷம். வீடு ஓடைக்கு மேல் பக்கம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மீதியை மிரான் தானாகச் சேர்த்து நிரப்புவார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து நின்று ஒரு புகைப்படம். ஒன்பது வருஷத்தில் ஒன்பது புகைப்படம்.

2019-ல் முதல் தடவையாகப் புகைப்படத்தைத் தவிர வேறொன்று கேட்டார்கள். பெண் உறுப்பினர் ஒருவரின் அலுவலகம் மிரானுக்குக் கடிதம் எழுதியது. இருபது பேருடைய பட்டியல் வேண்டும், வயதில் மூத்தவர் முதலில். அதை அரசாங்கத்தின் வழியாக அந்தப் பக்கத்துக்கு அனுப்பி, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்க முயற்சி செய்வோம். உறுதி கிடையாது.

மிரான் படிவம் தயாரித்தார். கடவுச்சீட்டுப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், கடவுச்சீட்டில் உள்ள பிறந்த வருஷம், விலங்கு, ஊர், தேடப்படுபவர்கள். விலங்குக்குத் தனியாக ஒரு கட்டம் வைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பெரியவர்களில் பலருக்குச் சந்திர வருஷமும் சூரிய வருஷமும் குழம்பும், விலங்கு குழம்பாது.

வந்த படிவங்களை வயதுவாரியாக அடுக்கினார். சொனு, 1934, நாய், இருபதாவது. தொக்சு, 1935, இருபத்தொன்றாவது. ஒரே ஓர் இடத்தில் தவறிவிட்டாரே என்று மிரான் அவருடைய படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறந்த வருஷம் என்ற கட்டத்தில் 1935. விலங்கு என்ற கட்டத்தில் குரங்கு.

உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு சின்னத் தப்பு. முப்பத்தஞ்சுன்னா பன்றி. நீங்க குரங்குன்னு எழுதியிருக்கீங்க."

"தப்பில்லையே."

"எது தப்பில்லை?"

"ரெண்டும்தான். கடவுச்சீட்டுல உள்ளதை எழுதச் சொல்லியிருந்தீங்க, எழுதினேன். விலங்கு கேட்டீங்க, எழுதினேன்."

மிரான் விரல்விட்டு எண்ணினார். "அப்ப உங்க வயசு எண்பத்தேழா?"

"அது இருக்கும்."

இந்தப் பேச்சு நடந்தபோது ஒக்புன் தரையில் செய்தித்தாளை விரித்து முளைப்பயறுக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்ததும் நிமிர்ந்தார்.

"யாரு குரங்கு?"

தொக்சு தொலைபேசியை மறுபடி எடுத்துச் சரியாக வைத்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன். யாரு குரங்கு?"

"நான்தான்."

"நான் கட்டினது பன்றியை."

"காகிதத்துல பன்றி."

ஒக்புன் கையிலிருந்த பயறைக் கீழே போட்டார். "பன்றிக்கும் முயலுக்கும் பத்துப் பொருத்தமும் இருக்குன்னு சோசியக்காரி சொல்லித்தான் எங்கம்மா உங்களுக்குப் பொண்ணு குடுத்தா. குரங்கும் முயலும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா ஒண்ணையொண்ணு பார்த்தாலே எரியும்பாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா!"

"அதனாலதான் சொல்லலை."

"அதான் பார்த்தேன். அம்பத்தேழு வருஷமா இந்த மனுஷன்கிட்ட என்னமோ ஒண்ணு சரியில்லையே, சரியில்லையேன்னு." மறுபடி பயறை எடுத்தார். நாலைந்துக்கு வால் கிள்ளினார். "இப்ப எதுக்கு வெளிய வந்துது உங்க குரங்கு?"

தொக்சு சொன்னார். அவருக்கு நீளமாகப் பேச வராது என்பதால் நேரம் பிடித்தது. சாரம் இதுதான். இந்தக் காகிதம் அங்கே போய் யாராவது தொக்சுன்னிடம் கேட்டால், உன் அண்ணன் பன்றி வருஷத்தில் பிறந்தவரா என்றுதான் கேட்பார்கள். தொக்சுன் எலி வருஷம். பன்றிக்கு அடுத்தது எலி. ஒரே ஒரு வயது வித்தியாசம்.

"மழைக்காலத்துல ஓடையில தண்ணி வந்தா அவளை முதுகுல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விடுவேன். ஒரு வயசு மூத்த பையன் தூக்க முடியுமா? அவளுக்குத் தெரியாதா நான் நாலு வயசு மூப்புன்னு? யாரோ ஒருத்தன் என் பேரைச் சொல்லிக்கிட்டு வந்திருக்கான்னுதான் நினைப்பா. இது எங்க அண்ணன் இல்லைன்னு சொல்லிடுவா."

"இவ்வளவு நாளா அந்த அறையில எல்லாம் போய் எதைச் சொன்னீங்க?"

"அவ வருஷத்தைச் சொன்னேன். என் வருஷத்தை யாரும் கேக்கலை."

ஒக்புன் கிள்ளி முடித்த பயறைக் கூடையில் அள்ளினார். பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ, பொய்க் காகிதத்தில் குடியுரிமை வாங்கினாய் என்று இந்த வயதில் கப்பலேற்றுவார்களோ என்று இரண்டு நாள் பயந்தார். தேவாலயத்துக்கு வரும் வக்கீல் ஒருவர், பூசான் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கதை இதுதான் என்று சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கினார்.

"போய்க் குரங்குன்னே எழுதுங்க," என்றார் மூன்றாம் நாள். "வீட்டுக்குள்ள பன்றிதான். அதை மாத்த விடமாட்டேன்."

மிரான் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. கடவுச்சீட்டில் உள்ள வருஷம்தான் செல்லும். ஆனால் போருக்கு முன்பே அவரை நேரில் அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர் கையெழுத்திட்டு உறுதி சொன்னால் இரண்டு வருஷங்களையும் எழுதலாம், உண்மையான வருஷப்படி வரிசையில் வைக்கலாம்.

மிரான் தேடினார். தேச்சொன் வட்டாரத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தொக்சு.

சங்கக் கூட்டம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. சொனு கழுத்துப்பட்டையில் பொன் ஊசி குத்திக்கொண்டு தலைமை வகித்தார். மிரான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. தொக்சு உண்மையான வருஷத்தோடு போனால் பன்னிரண்டாவது. அவருக்குப் பின்னால் உள்ள எல்லாரும் ஓர் இடம் கீழே இறங்குவார்கள். இருபதாவதாக இருந்த சொனு இருபத்தொன்றாவது ஆவார். சொனு தேடியது அவருடைய அண்ணன் கிபோமை. புலி வருஷம். உயிரோடு இருந்தால் தொண்ணூற்று மூன்று.

"நாப்பத்தோரு வருஷம் தம்பி," என்றார் சொனு. "பட்டியல்னு ஒண்ணு வந்ததும் அண்ணனா? உலகத்துல எல்லாரும் வயசைக் குறைச்சுத்தான்யா சொல்லுவாங்க. கூட்டிச் சொல்லுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"அண்ணே, நான் கூட்டலை."

"அப்ப பூசான்ல குறைச்சியா? அன்னைக்கும் உனக்கு லாபம், இன்னைக்கும் உனக்கு லாபமா?"

யாரோ சிரித்தார்கள். தொக்சு தரையைப் பார்த்தார்.

மிரான் குறுக்கே வந்தார். "தலைவரே, ஒரே ஒரு கேள்வி. நீங்களும் தேச்சொன்தான். சின்ன வயசுல இவரைப் பார்த்த ஞாபகம் இருக்கா?"

"தேச்சொன் என்ன கைக்குட்டை அளவு ஊரா? அங்க திரிஞ்ச குரங்கையெல்லாம் நான் எண்ணிக்கிட்டா இருந்தேன்?" சொனு காகிதங்களை அடுக்கி மேசையில் தட்டினார். "நாயும் குரங்கும் ஒரே கூண்டுல நிக்காதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. கடவுச்சீட்டுல என்ன இருக்கோ அதுதான். அடுத்த விஷயம்."

அடுத்த விஷயம் பேருந்தில் எத்தனை பெட்டி தண்ணீர் ஏற்றுவது என்பது.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேருந்து கிளம்பியது. கடல்பாசியில் சுற்றிய சோற்றுருண்டைகளை ஒக்புன்னே செய்து ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். தொக்சு வழக்கம்போல சொனுவுக்குப் பின்னால் ஏறினார், அவர் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தார். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் மாற்று ஆளாக அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின வாரம் பட்டியலில் ஒரு மாற்றமும் நடந்திருந்தது. எட்டாவது இடத்திலிருந்த பெரியம்மா மருத்துவமனையில் இறந்துபோனார். ஆக சொனு பத்தொன்பது, தொக்சு இருபது. இடம் கிடைத்துவிட்டது, பன்றியாக.

சபைக் கட்டடத்தின் நடைபாதை பளிங்கு. பெரியவர்கள் சுவரோரமாக மெதுவாக நடந்தார்கள். உறுப்பினர் அம்மாவின் அறையில் கோர்ட்னி என்ற இளம்பெண்தான் காகிதங்களைப் பார்ப்பவள். அவள் காலணியின் குதிகால் இரண்டும் வெளிப்பக்கம் தேய்ந்திருப்பதைத் தொக்சு பார்த்தார்.

"இந்தப் பொண்ணு நிறைய நடக்குது," என்று மிரானிடம் சொன்னார். "இங்க காரியம் நடக்கும்."

கோர்ட்னி பட்டியலை மேசையில் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பெயரும் வருஷமும் சரியா என்று கேட்டு, சரியென்றால் ஓரத்தில் கையெழுத்து. தொக்சுவின் முறை வந்தது.

"1935, சரிதானான்னு கேக்குறாங்க," என்றார் மிரான். குரலைத் தாழ்த்தி, "ஐயா, இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க. பேர் போனாப் போதும்," என்றார்.

தொக்சு பேனாவை வாங்கினார். கையெழுத்து இடத்துக்குப் போகவில்லை. தன் பெயரின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார், தோலில் வெட்டுக்கோடு போடுகிறவருடைய நேர்கோடு. பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, என்ன பண்றீங்க!"

"இந்தப் பேர் போனா, அவ கிட்ட எவனோ ஒருத்தன் போன மாதிரி. அறுபத்தொம்பது வருஷமா அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான், செத்தானோ என்னவோ. அவனாவது மிஞ்சட்டும். எனக்கு அடுத்தவங்க பேரைப் போடுங்க."

கோர்ட்னி கோட்டைப் பார்த்தாள், மிரானைப் பார்த்தாள்.

"போடுறா கையெழுத்தை," என்றார் பின்னாலிருந்து சொனு.

"வேண்டாம்ணே."

"அண்ணேன்னு சொல்லாத!"

அறையிலிருந்த எல்லாரும் திரும்பினார்கள். சொனு எழுந்து நின்றார். கழுத்துப்பட்டை ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ ஆறாம் வகுப்பு. நான் நாலாம் வகுப்பு. ஜப்பான்காரன் பெட்ரோலுக்குப் பைன் மர வேர் தோண்டச் சொல்லி நம்மளை மலைக்கு அனுப்பினான். நீ எங்க கூட்டத்துக்குத் தலைமை. நான் தோண்டினது போதாதுன்னு எல்லார் முன்னாலயும் என் மண்டையில குட்டின. ரெண்டு தடவை."

தொக்சு தன் வலது கையைப் பார்த்தார். "நானா?"

"நீதான்! அந்தக் காதை நான் மறப்பேனா? எழுபத்தெட்டுல தேவாலயத்துல பார்த்த உடனே தெரிஞ்சுது. என்ன வருஷம்னேன். பன்றின்ன. சரி, வாடா தம்பின்னு வச்சுக்கிட்டேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"உனக்கு எப்படி இருக்கும்? குட்டு வாங்கினவன் நான்."

மிரான் இதையெல்லாம் மொழிபெயர்க்கவில்லை. கோர்ட்னியிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம், இவர்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கோர்ட்னி உள்ளே போய் ஒரு படிவம் கொண்டுவந்தாள். சொனு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். கில் தொக்சுவை 1942 முதல் தெரியும். என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தார். குரங்கு வருஷம், 1932. எழுதி முடித்ததும் மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்து, "படித்தான்" என்று இருந்த இடத்தில் "படித்தார்" என்று திருத்தினார்.

இப்போது கோர்ட்னிக்கு வேறொரு சிக்கல். தொக்சு பதினொன்றாவது ஆகிவிட்டார், சொனு இருபதாவது. அப்படியே போயிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அவள் கையில் உள்ளேயிருந்து வந்த இன்னொரு காகிதமும் இருந்தது. மேரிலாந்திலிருந்து தொண்ணூற்றொரு வயதுப் பெரியவர் ஒருவரை உறுப்பினர் அம்மா நேரடியாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார். அவரையும் சேர்த்தால் இருபத்தொன்று. இருபதுதான் முடியும்.

மிரான் இதைச் சொன்னபோது சொனு கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். "கணக்கு கணக்குதானே," என்றார். "எங்க அண்ணனுக்குத் தொண்ணூத்து மூணு. இருப்பாரோ மாட்டாரோ." பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தொக்சு மிரானிடம் தன் படிவத்தைக் கேட்டு வாங்கினார். தேடப்படுபவர்கள் என்ற கட்டத்தில் இரண்டு வரி இருந்தன. முதல் வரியில் தொக்சுன். இரண்டாவது வரி காலி. அதில் எழுதினார். சொனு கிபோம், புலி வருஷம், தேச்சொன்.

கோர்ட்னி விரலை வைத்துக் கேட்டாள்.

"இவர் என்ன உறவுன்னு கேக்குறாங்க, ஐயா."

"அண்ணன்."

மிரான் கொரிய மொழியிலேயே சிரிக்காமல் சொன்னார், "ஐயா, இப்பத்தான் ஒரு பொய்யைக் கஷ்டப்பட்டு அழிச்சோம்."

"எது பொய்? தம்பியோட அண்ணன் எனக்கு யாரு? புலி வருஷம்னா என்னைவிட ஆறு வயசு மூப்பு. அண்ணன்தான்."

மிரான் கோர்ட்னியிடம் திரும்பி அண்ணன் என்றார். கோர்ட்னி இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். குடும்பப் பெயர் ஒன்று கில், ஒன்று சொனு. வேறு தகப்பனுக்குப் பிறந்தவரா என்று கேட்டாள்.

"அப்படித்தான்," என்றார் மிரான்.

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு எல்லாரும் சேர்ந்து நின்று பத்தாவது புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் சொனு காமிராவைப் பார்க்காமல் தொக்சுவின் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாலை பேருந்து அனண்டேல் திரும்பியதும் நேரே மாட்டெலும்பு சூப்புக் கடைக்குப் போனார்கள். ஒக்புன் அங்கே காத்திருந்தார். ஒரு மேசையில் நான்கு பேர்: சொனு, தொக்சு, ஒக்புன், மிரான். நடந்ததை மிரான் சொல்ல, ஒக்புன் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். நான்கு கிண்ணம் சூப்பு வந்தது, ஆவி பறக்க.

தொக்சு பழக்கத்தில் சொனுவின் கையைப் பார்த்துக் காத்திருந்தார். சொனு தொக்சுவின் கையைப் பார்த்துக் காத்திருந்தார். மிரான் இருவரையும் பார்த்துக்கொண்டு தன் கரண்டியைத் தொடாமல் இருந்தார். வழியெல்லாம் சொனு தொக்சுவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நீ என்பதா நீங்க என்பதா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதை மிரான் கவனித்திருந்தார்.

"எடுங்கண்ணே," என்றார் தொக்சு.

"எடுங்கண்ணே," என்றார் சொனு.

சூப்பின் மேல் கொழுப்பு ஆடை கட்ட ஆரம்பித்தது.

ஒக்புன் தன் கரண்டியை எடுத்தார். "நாயும் குரங்கும் நிதானமா பேசி முடிங்க. முயலுக்குப் பசிக்குது," என்று சொல்லிவிட்டுச் சோற்றைச் சூப்பில் கவிழ்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அந்தப் பட்டியலுக்கு இன்னும் பதில் வரவில்லை. அலுவலகத்தில் கோர்ட்னியின் இடத்தில் வேறொரு பையன் வந்துவிட்டான். தொக்சு இப்போதும் வசந்தம் வந்தால் பேருந்தில் போகிறார். ஒன்றரை நிமிடத்தில் இப்போது மிச்சம் குறைவு. தங்கை எலி, நான் குரங்கு, அண்ணன் புலி என்று மூன்று பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொனு பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பெயரை அவர் சரியாகச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். புதிதாகச் சங்கத்துக்கு வருகிறவர்கள் யார் மூத்தவர் என்று மிரானிடம் கேட்பார்கள். எந்தக் காகிதத்தின்படி கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார்.